கொம்பின் இடம்: இரு மொழிகளின் எழுத்துமாற்றிகள்

பாரதப்புழையின் தென்கரையில், பாலக்காட்டு எல்லையை ஒட்டியுள்ள திருவில்வாமலை மலையாள எழுத்தாளர் வி.கே.என்.னின் ஊர். அவர் படைத்த 'பையன்' என்னும் எள்ளல் மிக்க கதைமாந்தனின் கதைகள் 1982இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றன. 2008இல் அப்பெயர் ஒரு கணினி நிரலுக்குச் சூட்டப்பட்டது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கலும் நிஷான் நசீரும் பைத்தானில் எழுதிய 'பையன்ஸ்', பழைய எழுத்துருக்களில் அடைபட்டிருந்த மலையாளத்தை யூனிக்கோடுக்கு மாற்றித் தந்தது.

அடைபட்டிருந்த என்பது மிகையன்று. 'கார்த்திகா' போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் மலையாள உருவங்களை அமர்த்தியிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஒரு நூல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். எழுத்துருவுக்கு ஓர் அட்டவணை வைத்து எண்ணுக்கு எண் மாற்றினால் போதும் என்று தோன்றலாம். போதாது, கொம்பு குறுக்கே நிற்கிறது.

சித்தூரிலும் தேவிகுளத்திலும் தமிழும் மலையாளமும் சேர்த்துக் கற்கும் பிள்ளைகளுக்கு இது தெரிந்த செய்தி. இரு எழுத்துமுறைகளிலும் 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் எழுதப்படும்; ஒலிப்பிலோ ககரமே முந்தும். பழைய எழுத்துருக்கள் கையின் வரிசையைப் பின்பற்றின. யூனிக்கோடு நாவின் வரிசையைப் பின்பற்றுகிறது. 'கொ' முன்னதில் கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள். பின்னதில் ககரமும் ஓர் ஒகரக் குறியும் மட்டுமே. ஆகவே மாற்றி, கொம்பைக் கண்டதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த மெய்யை வெளியிட்ட பின்னரே அதை இறக்கிவைக்க வேண்டும்; கால் வருகிறதா என்றும் எட்டிப் பார்க்க வேண்டும்.

தமிழுலகம் இம்முடிச்சை முன்பே சந்தித்திருந்தது. லோசானில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் முதல் மின்னூல்கள் தனி எழுத்துருக் குறியீட்டில் வந்தன; பின்னர் திஸ்கி, அதன்பின் யூனிக்கோடு. திஸ்கியும் கையின் வரிசையே. அது 2007இல் ஐயானாவின் பதிவேட்டில் இடம்பெற்றபோது உலகம் யூனிக்கோடுக்கு நகரத் தொடங்கிவிட்டிருந்தது. மீண்டும் தட்டச்சு செய்யாமல் இலக்கியங்கள் கரையேற முடிந்தது மாற்றிகளால்தான். புதிய வடிவம் வந்ததும் பழையதை அழித்துவிடாமல் திஸ்கிப் பதிப்புகளையும் அருகருகே வைத்திருந்தது அத்திட்டத்தின் விவேகம்.

பையன்ஸ் எதிர்த்திசையிலும் இயங்கியது: யூனிக்கோடு உரையைப் பழைய எழுத்துருக் குறியீட்டில் வெளியிடும். பின்னோக்கிய நடை என்று இதைப் பழிக்கலாம். ஆனால் அச்சகங்களில் பக்கம் அமைத்த பேஜ்மேக்கருக்கு யூனிக்கோடு தெரியாது. யூனிக்கோடில் எழுதியவர் நூலாக அச்சிட விரும்பினால் அந்தப் பழைய வாயில் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது.

மலையாளத்துக்கு மற்றொரு தொல்லையும் சேர்ந்தது. அதே 2008இல் வெளிவந்த யூனிக்கோடு 5.1, சில்லெழுத்துகளுக்குத் தனி எண்கள் வழங்கியது. அதுவரை அவை மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் ஆகிய மூன்றால் ஆனவை. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் இதை எதிர்த்தும் பயனில்லை. கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் 'அவன்' என்னும் சொல்லை அன்றுமுதல் மலையாளத்தில் இருவகையில் சேமிக்கலாம். இரண்டையும் ஒன்றென அறியாத தேடுபொறியில் ஒருவகையை இட்டால் மற்றது அகப்படாது.