லம்போர்கினி வச்சிருந்த படகு

லம்போர்கினின்னு சொன்னதும் நம்ம எல்லோருக்கும் தரையோட தரையா ஒட்டிக்கிட்டு போற ஒரு கார்தான் ஞாபகம் வரும். கொஞ்சம் விஷயம் தெரிஞ்சவங்க அந்த ட்ராக்டர் கதையையும் சேர்த்துச் சொல்வாங்க. எனக்கு அந்த மனுஷன்கிட்ட ரொம்பப் பிடிச்சது மூணாவதா ஒண்ணு. 1968-ல் அவர் தனக்காக வாங்கின மர ஸ்பீட் போட். பழைய எஞ்சின், பழைய வண்டின்னா எனக்கு ஒரு கிறுக்கு உண்டுன்னு இங்கே வழக்கமா வந்து போறவங்களுக்குத் தெரியும். அதனால இந்தப் பதிவு கொஞ்சம் கிரீஸ் வாசனையோடதான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல போட்டைச் செஞ்சவங்களைப் பத்தி. வட இத்தாலியில் இசேயோன்னு ஒரு ஏரி, அதன் கரையில் சார்னிகோன்னு ஒரு ஊர். அங்கே 1842-ல் இருந்து படகு கட்டுற குடும்பம் ரீவா. அந்தக் குடும்பத்தின் கார்லோ ரீவா 1962-ல் அக்வராமா என்ற போட்டைக் கொண்டு வந்தார். மஹோகனி மரம், கண்ணாடி மாதிரி பளபளக்கிற வார்னிஷ், முன்னாடி வளைஞ்ச கண்ணாடி. அந்தக் காலத்து அகலத்திரை சினிமாவான சினிராமாவை நினைச்சுத்தான் போட்டுக்கு அந்தப் பேர். நடிகர்கள், பணக்காரங்க எல்லாம் வரிசையில் நின்னு வாங்கினாங்க. உள்ளே அமெரிக்க வி8 எஞ்சின் ரெண்டு. அதுவே 40 நாட்ஸ் தாண்டும். ஒரு ஏரிக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

ஃபெருச்சியோ லம்போர்கினிக்கு வேணும். அவர் 1963-ல் கார் கம்பெனி ஆரம்பிச்சு, 1964-ல் ஜெனீவா கண்காட்சியில் 350 ஜிடியை நிறுத்தினவர். ஜியோட்டோ பிஸ்ஸாரினி வரைஞ்ச அந்த வி12 எஞ்சின்தான் கம்பெனியோட உயிர்நாடி. அப்படிப்பட்ட ஆள் தன் சொந்தப் போட்டில் இன்னொருத்தன் எஞ்சினை வச்சுக்கிட்டுப் போவாரா? வரிசை எண் 278 கொண்ட அக்வராமாவில் தன் 4 லிட்டர் வி12 எஞ்சின்களையே ரெண்டு வைக்கச் சொன்னார். ஒவ்வொண்ணும் 350 குதிரை சக்தி.

படிக்கும்போது "சரி, எஞ்சினை மாத்திட்டாங்க"ன்னு சுலபமா போயிடுவோம். ஆனா கார் எஞ்சினைத் தண்ணியில் இறக்குறது லேசுப்பட்ட வேலை இல்லை. ரோட்டில் கார் எஞ்சின் பாதி நேரம் ஓய்வாத்தான் ஓடும். இறக்கம் வரும், சிக்னல் வரும். போட்டுக்கு இறக்கமே கிடையாது. எப்பவும் மலை ஏறுற மாதிரிதான், ஆக்சிலரேட்டரை அழுத்தினா அழுத்தினபடி முழு பாரம். அடுத்து சூடு. முன்னாடி காத்து வாங்க ரேடியேட்டர் வைக்க முடியாது, ஏரித் தண்ணியைத்தான் உறிஞ்சிக் குளிர வைக்கணும். புகைக் குழாயும் மரத்துக்கு நடுவுல போறதால அதுக்கும் தண்ணிக் குளிர்ச்சி வேணும். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், போட்டின் அடியிலேயே தேங்கும். ஒரு பொறி போதும். அதனால ஆவியை வெளியேத்த ஊதுகுழல் விசிறி, கார்புரேட்டர் மேல் தீ தடுப்பு வலை. இதெல்லாம் காரில் யாரும் யோசிக்காத சமாச்சாரம்.

இன்னொரு பொருத்தமின்மையும் உண்டு. வி12 மாதிரி எஞ்சின் வேகமாச் சுத்தும்போதுதான் பலத்தைக் காட்டும். ப்ரொப்பெல்லருக்கோ நிதானமான, கனமான தள்ளுதான் பிடிக்கும். அமெரிக்க வி8 அதை இயல்பாவே தரும். அதோட ரெண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே பக்கம் சுத்தினா போட் ஒரு பக்கமா இழுக்கும். அதனால ஒண்ணு வலம், ஒண்ணு இடம் சுத்துறதுதான் வழக்கம். வேற வழி இல்லாம இல்லை. 1959-லேயே வோல்வோ பென்டா, எஞ்சின் உள்ளேயும் கியரும் ப்ரொப்பெல்லரும் பின்பலகைக்கு வெளியேயும் இருக்கிற ஸ்டெர்ன் டிரைவைக் கொண்டு வந்துட்டாங்க. ப்ரொப்பெல்லரையே திருப்பலாம், சுக்கான் வேண்டாம், இடமும் மிச்சம். ஆனா அதுக்கு பின்பலகையில் பெரிய ஓட்டை போடணும். ஒரு ரீவாவின் பின்பக்கத்தைப் பார்த்த எவனுக்கும் அங்கே ரம்பம் வைக்க மனசு வராது. எனக்குக் கண்டிப்பா வராது.

ஆக, இவ்வளவு பாடுபட்டும் வேகத்தில் கிடைச்ச லாபம் கொஞ்சம்தான். இந்தப் போட் 48 நாட்ஸ் போகும், அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 89 கிலோமீட்டர். கணக்குப் பார்த்தா வி8-தான் புத்திசாலித்தனம். ஆனா அவர் கணக்குப் பார்த்து வாங்கலைன்னு நினைக்கிறேன். அந்தச் சத்தம் பின்னாடி கேட்கணும், அது தன் சத்தமா இருக்கணும், அவ்வளவுதான்.

இப்போ விக்கிற கதைக்கு வருவோம். கார்லோ ரீவா 1969-ல் தன் கம்பெனியை அமெரிக்காவின் விட்டேக்கருக்கு வித்தார். 1971-ல் வெளியேயும் வந்துட்டார். லம்போர்கினி 1972-ல் கார் கம்பெனியில் 51 சதவீதத்தை வித்தார், 1974-ல் மிச்சம் 49-ஐயும் கொடுத்துட்டார். போட்டைக் கட்டினவர், எஞ்சினைக் கொடுத்தவர், ரெண்டு பேருமே ஆறே வருஷத்துக்குள்ள தங்கள் பேரையே வித்துட்டாங்க. ஆனா லம்போர்கினி அந்தப் போட்டை விக்கலை! உம்ப்ரியாவில் திராசிமேனோ ஏரிப் பக்கம் போய் திராட்சைத் தோட்டம் போட்டு ஒயின் செஞ்ச காலத்திலும் அதைக் கையிலேயே வச்சிருந்தார். கம்பெனியைக் கொடுத்த மனுஷன், போட்டைச் சுமார் 20 வருஷம் விடலை. எனக்கு இந்தக் கதையில் மனசுல நிக்கிற இடம் இதுதான். கடைசியில் 80-களின் முடிவில், முன்பின் தெரியாதவருக்கு இல்லாம, நெருங்கின நண்பர் ஒருத்தருக்குத்தான் கொடுத்தார். லம்போர்கினி 1993 பிப்ரவரியில் காலமானார்.

அப்புறம் நடந்தது நம்ம ஊர்க் கதை மாதிரி. பழைய அம்பாசடரில் பெட்ரோல் எஞ்சினைக் கழட்டி வீசிட்டு டீசல் எஞ்சின் போடுவாங்களே, அதேதான். அந்த வி12 ரெண்டும் இறங்கி, அந்த இடத்துக்கு அமெரிக்க வி8 ரெண்டு வந்துடுச்சு. குறை சொல்றதுக்கும் இல்லை. ஓட்டுறவனுக்கு ஓடினா போதும், உதிரி பாகம் கிடைச்சா போதும். ஆனா எஞ்சின் போனதும் அந்தப் போட் ஆயிரம் கண்ணும் பார்க்குற லம்போர்கினி போட்டா இல்லாம, சும்மா ஒரு பழைய ரீவாவா ஆயிடுச்சு. நண்பரும் போன பிறகு அது யார் கண்ணிலும் படாம, ஒரு படகுப் பட்டறையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது.

2010 வாக்கில் நெதர்லாந்துக்காரர் ஒருத்தர், லம்போர்கினி சேகரிப்பவர், அதைக் கண்டுபிடிச்சு வாங்கினார். அங்கே ரீவாக்களைப் புதுப்பிக்கிறதையே தொழிலா வச்சிருக்கிற ரீவா வேர்ல்டுக்குப் போச்சு. மூணு வருஷ வேலை. மரத்தைச் சரி பண்ணி 25 பூச்சு, குரோமியப் பாகங்கள், சீட், பொத்தான்கள் எல்லாம் புதுசு. அந்த வேலைக்கு ஆளும் தெரியும், வழியும் தெரியும்.

எஞ்சின்தான் தலைவலி. ஓடுற நிலையில் இருந்த வி8-களை விட்டிருந்தா வேலை பாதி. விடலை. விக்கிற எண்ணம் இருக்கிறவங்க இங்கேதான் குழம்புவாங்க: நம்பகமான எஞ்சினா, அசல் எஞ்சினா? என்னைக் கேட்டா, சாதாரண அக்வராமாவா இருந்தா வி8-ஐயே வச்சுக்கோன்னு சொல்வேன், அது பிறந்ததே அப்படித்தான். 278-க்கு மட்டும் வி12. அது இல்லாட்டி அந்தப் போட்டுக்கு மூணு வருஷம் செலவழிக்கக் காரணமே இல்லை.

நல்லவேளை, இறக்கின அசல் எஞ்சின்களில் ஒண்ணை யாரோ பழைய இரும்புக்காரனுக்குப் போடாம விட்டதால், அது லம்போர்கினி அருங்காட்சியகத்தில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தண்ணிக்கான மாற்றங்களைத் திரும்பச் செஞ்சாங்க. சந்தேகம் கேட்க ஒரு ஆளும் கிடைச்சார்: பாப் வாலஸ். நியூசிலாந்துக்காரர், அந்த நாளில் லம்போர்கினியின் டெஸ்ட் டிரைவர், 1968-ல் இந்தப் போட் வேலையிலும் கை வச்சவர். 45 வருஷத்துக்கு முன்னாடி செஞ்சதை ஞாபகத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

2013-ல் போட் மறுபடி தண்ணியில் இறங்கிச்சு, ரெண்டு வி12-ஓட. அதே வருஷம் செப்டம்பரில் வாலஸ் இறந்துட்டார்.