மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்பு: பொன்முடியும் திருவனந்தபுரம் மாவட்டமும்

புதிய மருந்து, தடுப்பூசி, கருவி, பரிசோதனை முறை ஆகியவை பாதுகாப்பானவையா, பயன் தருபவையா என்று மனிதர்களிடம் முறைப்படி சோதித்து அறிவதே மருத்துவ ஆய்வு. பேச்சுவழக்கில் இதைக் ‘கிளினிக்கல் ட்ரையல்’ என்றோ ‘மருந்து சோதனை’ என்றோ சொல்வார்கள். நோயாளியாகவோ நலமுள்ள தன்னார்வலராகவோ இதில் சேர்பவர் பங்கேற்பாளர் எனப்படுவார். இந்தியாவில் புதிய மருந்து, தடுப்பூசி ஆய்வுகளை 2019 மார்ச் 19 அன்று அறிவிக்கப்பட்ட புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் நெறிப்படுத்துகின்றன.

இடமும் நிறுவனங்களும்

பொன்முடி, கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள மலைப்பகுதி. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து விதுரா, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் நகரத்தை அடைய ஏறத்தாழ 60 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். மாவட்டத்தில் ஆய்வுகள் நடக்கும் பெரிய நிறுவனங்கள் நகரத்தில்தான் உள்ளன: 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம். மலையிலிருந்து வருபவருக்கு ஆய்வில் சேர்வதைவிட, குறித்த நாளில் தவறாமல் வந்துபோவதே பெரும் பாடு. ஆகவே எத்தனை முறை வர வேண்டும், பயணச் செலவை யார் தருவார், இரவில் உடல்நிலை மோசமானால் யாரை அழைப்பது என்பதை முதல் நாளிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

வரலாறு

சித்ரா இதய வால்வு: ஸ்ரீ சித்திரை நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்தச் செயற்கை வால்வு உருவானது. முதல் மூன்று வடிவங்கள் கைவிடப்பட்டன. நான்காவது வடிவம் ஆய்வகத்திலும் விலங்குகளிலும் தேறிய பிறகே 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பல மருத்துவமனைகளில் 306 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2001இல் வெளிவந்தன. விலை குறைவான உள்நாட்டு வால்வு பிற நோயாளிகளுக்குக் கிடைத்ததற்கு அந்த ஆய்வில் சேர்ந்தவர்களும் காரணம்.

வாய்ப்புற்றுநோய் ஆய்வு: 1996இல் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய இந்த ஆய்வு, உலக அளவில் மேற்கோள் காட்டப்படுவது. ஏழு பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வாயைத் திறக்கச் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பக்கம், ஈறு என ஒவ்வோர் இடமாகப் பார்த்தார்கள். மூன்றாண்டு இடைவெளியில் இது மும்முறை நடந்தது. மற்ற ஆறு பஞ்சாயத்துகளில் வழக்கமான மருத்துவமே தொடர்ந்தது. எந்தப் பஞ்சாயத்து எந்தப் பிரிவில் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. இரு பிரிவிலும் சேர்த்து 1,90,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த பிரிவில் வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைவாக இருந்ததாக 2005இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. மொத்த மக்களை எடுத்துக்கொண்டால் வேறுபாடு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. இதனால் யாரைத் தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

1999–2000 ஆய்வும் சர்ச்சையும்: மண்டலப் புற்றுநோய் மையத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவருடன் இணைந்து, வாய்ப்புற்றுநோய் நோயாளிகளின் கட்டிக்குள் ஒரு புதிய வேதிப்பொருள் ஊசி வழியே செலுத்தப்பட்டது. அந்த மையத்தின் மருத்துவர் ஒருவரே கேள்வி எழுப்ப, 2001இல் விஷயம் வெளியே வந்தது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு இதற்கு அனுமதி தரவில்லை என்றும், மனிதர்களுக்குச் செலுத்துமுன் விலங்குகளிடம் போதிய சோதனை நடக்கவில்லை என்றும் பல்கலைக்கழகத்தின் விசாரணை கண்டது. நோயாளிகளுக்கு உரிய முறையில் விளக்கி ஒப்புதல் பெறப்பட்டதா என்பதும் கேள்விக்குள்ளானது. வால்வு ஆய்வும் இதுவும் ஒரே நகரத்தில் நடந்தவை. முன்சோதனை, வெளியார் மேற்பார்வை, பங்கேற்பாளருக்குத் தரும் விளக்கம் ஆகிய மூன்றில்தான் இரண்டுக்கும் வேறுபாடு.

ஆரோக்கியப் பச்சை: இது மருந்து ஆய்வு அல்ல. ஆனாலும் மலைவாழ் மக்களின் ஒப்புதல், பங்கு ஆகியவை பற்றிய பேச்சில் தவறாமல் இடம்பெறுவது. 1987இல் அகத்திய மலைப் பகுதியில் அறிவியலாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணி பழங்குடி மக்கள் களைப்பு நீங்க உண்ட காய், ஆரோக்கியப் பச்சை என்னும் செடியை வெளியுலகுக்குக் காட்டியது. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி ஏற்பாடாக இது கருதப்படுகிறது.

தமிழ்நாட்டு முன்னோடி: 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 நோயாளிகள் வீட்டுச் சிகிச்சை, சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சை என இரு பிரிவானார்கள். வீட்டிலேயே மருந்து உண்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்று அபாயமும் கூடவில்லை. உலகெங்கும் காசநோய் சானடோரியங்கள் தேவையற்றுப் போனதற்கு இந்த முடிவு வலுவான காரணம்.

ஆய்வைக் கண்டறிதல்

இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவகம், சுருக்கமாக சி.டி.ஆர்.ஐ., 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. முதல் பங்கேற்பாளரைச் சேர்க்கும் முன்பே ஆய்வு பதிவாகியிருக்க வேண்டும். பதிவகத்தின் இணையதளத்தை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். தகவல் ஆங்கிலத்தில் இருப்பதால், படித்துச் சொல்ல ஆள் வைத்துக்கொள்வது உதவும்.

ஒவ்வொரு பதிவிலும் பொதுமக்களுக்கான எளிய தலைப்பு, ஆய்வு நடக்கும் மையங்கள், முதன்மை ஆய்வாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும், செலவு ஏற்கும் நிறுவனம், நெறிமுறைக் குழுவின் அனுமதி நிலை, யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்ற விவரங்கள் இருக்கும். ஆள்சேர்ப்பு நிலை இந்தியாவுக்கும் உலகுக்கும் தனித்தனியே தரப்பட்டிருக்கும். வெளிநாட்டில் சேர்க்கை நடந்துகொண்டிருக்க, இங்கே முடிந்துபோயிருக்கலாம். பதிவாகியிருப்பது ஒன்றே மருந்துக்கான நற்சான்று ஆகாது.

சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்பது மற்றொரு வழி. அவரே ஆய்வாளராகவும் இருந்தால், ஆய்வில் இல்லாத இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது தகும்.

கட்டங்கள்

முதல் கட்டத்தில் மருந்து உடலுக்கு ஒத்துக்கொள்கிறதா, எவ்வளவு தரலாம் என்று சிலரிடம் பார்ப்பார்கள். பெரும்பாலும் நலமுள்ள தன்னார்வலர்களே இதில் சேர்வார்கள். புற்றுநோய் மருந்துகள் போன்றவற்றுக்கு நோயாளிகளையே சேர்ப்பது வழக்கம். இரண்டாம் கட்டம் பயன் உண்டா என்பதையும், மூன்றாம் கட்டம் இப்போதுள்ள மருந்தோடு ஒப்பிட்டு அது உறுதிதானா என்பதையும் காணும். நான்காம் கட்டம் மருந்து கடைக்கு வந்த பிறகு நடப்பது. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கும் ஆய்வுகளில் யாருக்குப் புதிய மருந்து விழும் என்பதை நோயாளி தேர்ந்தெடுக்க முடியாது. பல ஆய்வுகளில் மருத்துவருக்கும் தெரியாது.

ஒப்புதல்

ஆய்வைப் பற்றிய தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மலையாளம் படிக்கத் தெரியாத தமிழர் தமிழில் கேட்டுப் பெறலாம். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் வாசித்து விளக்கிய பிறகே கைரேகை பெற வேண்டும். சாட்சியும் கையெழுத்திடுவார். படிவத்தில் தொழில், ஆண்டு வருமானம், வாரிசாக நியமிப்பவரின் பெயர், உறவுமுறை ஆகியவற்றையும் கேட்பார்கள். கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் தகவல் தாளும் பங்கேற்பாளரின் கையில் இருக்க வேண்டும்.

புதிய வேதிப்பொருளாலான மருந்தை, எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக்கூடியவர்களிடம் சோதிக்கும்போது ஒப்புதல் பெறும் நிகழ்வை ஒலி-ஒளிப்பதிவு செய்வது கட்டாயம். எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு ஒலிப்பதிவு போதும்.

நெறிமுறைக் குழு

ஆய்வைத் தொடங்கும் முன் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். குறைந்தது ஏழு உறுப்பினர்கள் இருப்பார்கள். சட்டம் தெரிந்தவர், மருத்துவத் துறை சாராத பொதுமனிதர், ஒரு பெண் ஆகியோர் கட்டாயம். பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஆய்வாளரிடம் சொல்லித் தீராத குறையைப் பங்கேற்பாளர் நேரே இக்குழுவிடம் தெரிவிக்கலாம்.

பாதிப்பும் இழப்பீடும்

ஆய்வின்போது உடல்நலம் கெட்டால், அது ஆய்வால் நேர்ந்ததல்ல என்று நிறுவப்படும் வரையோ, ஆய்வாளர் தேவை எனக் கருதும் வரையோ, இவற்றில் எது முந்தியதோ அதுவரை இலவசச் சிகிச்சை உண்டு. கடுமையான பாதிப்பை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். ஆய்வு தொடர்பான மரணத்துக்கான இழப்பீடு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாகக் கொண்டு, வயதையும் நோயின் தீவிரத்தையும் வைத்துக் கணக்கிடப்படும். இளையவருக்கும் நலமுள்ளவருக்கும் தொகை கூடும்; முதியவருக்கும் நோய் முற்றியவருக்கும் குறையும். மருந்தின் பக்கவிளைவு மட்டுமின்றி, ஆய்வுத் திட்டத்தை மீறியதால் வந்த கேடு, ஆய்வுக்காகச் செய்த பரிசோதனையால் வந்த கேடு, கருவிலுள்ள குழந்தைக்கு நேர்ந்த கேடு ஆகியவையும் இதில் அடங்கும்.

கையெழுத்திடும் முன்

மருந்து இதற்கு முன் மனிதர்களுக்குத் தரப்பட்டதா, ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும், எத்தனை முறை ரத்தம் எடுப்பார்கள், ஆய்வு முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா, சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன ஆகியவை கேட்டறிய வேண்டியவை. தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று குடும்பத்தாரோடு பேசி முடிவெடுக்கலாம். பணத்துக்காக ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வுகளில் சேர்வது உயிருக்கே ஆபத்து; உண்ணும் பிற மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, மறைப்பதும் அப்படியே.

கையெழுத்திட்ட பிறகும் பங்கேற்பாளர் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். அதற்காக அவருடைய வழக்கமான சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்கக் கூடாது.