சாம்பல் நிறப் பட்டனின் பூர்வீகம்

2020 ஏப்ரலில் ஜோர்டன் ஸ்கேல்ஸ் என்ற நிரலாளர் '98.சிஎஸ்எஸ்' என்ற சிறு தொகுப்பை வெளியிட்டார். இணையப் பக்கத்தில் அதைச் சேர்த்துவிட்டால், பட்டன்களும் பெட்டிகளும் விண்டோஸ் 98-இன் சாயலுக்கு வந்துவிடும். தலைப்புப் பட்டைக்கும் அந்தப் பழைய நீலம் திரும்பிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லை. பழைய நினைவுகளுக்கான பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுவது சரியல்ல. பெரும் வறுமைக்குள் பிறந்த ஒரு கைவினை இதில் பத்திரமாக இருக்கிறது.

வறுமை என்றால் நிற வறுமை. 1988-இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினி அறிமுகமானபோது அதன் திரைக்குத் தெரிந்தவை நான்கே நிறங்கள்: கறுப்பு, வெள்ளை, இடையில் இரண்டு சாம்பல். அந்த நான்கை வைத்தே அதன் வடிவமைப்பாளர்கள் பட்டன்களைத் திரையிலிருந்து புடைத்தெழச் செய்தார்கள். 1990-இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணைய உலாவியை எழுதியதும் ஒரு நெக்ஸ்ட் கணினியில்தான். உலகளாவிய வலை பிறந்ததே புடைத்த சாம்பல் பட்டன்களுக்கு நடுவில்!

அதே 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-உம் புடைத்த பட்டன்களோடுதான் வந்தது. சாதாரண விஜிஏ திரையில் 640-க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். 1995 ஆகஸ்ட் 24-இல் வெளியான விண்டோஸ் 95 அந்தப் புடைப்பைத் திரை முழுவதற்குமான இலக்கணமாக்கியது. கணினியையே முதன்முறையாகத் தொடும் மனிதர்களுக்கு எதை அழுத்த வேண்டும் என்று காட்டியாக வேண்டியிருந்தது. 'ஸ்டார்ட்' என்று எழுதியும் போதாமல், இங்கே சொடுக்கித் தொடங்குங்கள் என்று ஓர் அம்புக்குறி வேறு அந்தப் பட்டனை நோக்கி நகர்ந்து வரும்.

அந்தப் பட்டனை உற்றுப் பார்த்தால் சூட்சுமம் புரியும். மேல் விளிம்பிலும் இடது விளிம்பிலும் வெள்ளைக் கோடு. கீழும் வலதும் கறுப்பு. அதை ஒட்டி உள்ளே ஒரு புள்ளி அகலத்துக்கு அடர் சாம்பல். வெளிச்சம் இடது மேல்மூலையிலிருந்து விழுவதாகக் கணக்கு. அழுத்தினால் வெள்ளையும் கறுப்பும் இடம் மாறும், பட்டன் உள்ளே அமுங்கியதாகக் கண் நம்பிவிடும். 98.சிஎஸ்எஸ் இதைப் படங்கள் இல்லாமல், நான்கு உள்நிழல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்கிறது. செயலிழந்த பட்டனில் சாம்பல் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி தள்ளி வெள்ளை நிழல் விழும். கல்லில் பொறித்ததுபோல் தெரியும். அவ்வளவு நுணுக்கம்.

2012-இல் விண்டோஸ் 8, 2013-இல் ஐஓஎஸ் 7. புடைப்பெல்லாம் தட்டையானது. திரை சுத்தமானது உண்மைதான்; ஆனால் எது பட்டன், எது வெறும் எழுத்து என்று தடவிப் பார்க்க வேண்டிய நிலையும் சேர்ந்தே வந்தது. இது சின்ன இழப்பல்ல.

98-ஐத் தொடர்ந்து எக்ஸ்பி, விண்டோஸ் 7, பழைய மெக்கின்டோஷ் என ஒவ்வொன்றின் சாயலிலும் தொகுப்புகள் வந்துவிட்டன. 98.சிஎஸ்எஸ்ஸில் இன்னொரு நல்ல பழக்கமும் தப்பிப் பிழைத்திருக்கிறது. விசைப்பலகையில் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால், முறை வந்த பட்டனுக்குள் புள்ளிக்கோட்டுச் செவ்வகம் ஒன்று தோன்றும். மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.