பிரித்தெடுக்கும் கையின் தடயம்: மைக்ரோகிளியா ஆய்வுகளில் ஒப்பீட்டுச் சிக்கல்

கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் கடுமையான தலைக்காயம் என்றால் பலரும் நாடுவது, எல்லைக்கு அப்பால், பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையை. அங்கு 1995 முதல் மனித மூளைத் திசு வங்கி ஒன்று இயங்குகிறது. இத்தகைய வங்கிகளில் சாலை விபத்தில் இறந்தோரின் மூளை, நரம்பு நோய் இல்லாத ஒப்பீட்டு மாதிரியாகப் பயன்படுவது வழக்கம். அந்த ஒப்பீடு எவ்வளவு நம்பகமானது என்பது, திசுவிலிருந்து செல்களை எப்படிப் பிரித்தோம் என்பதையும் பொறுத்தது.

வழக்கமான முறையில், திசுவை நறுக்கி, பப்பைன் போன்ற நொதியில் 37 டிகிரி செல்சியஸில் ஊறவைப்பார்கள். ஆட்டுக்கறி வேக பப்பாளிக்காய்த் துண்டு போடும் அதே வேதியியல்தான். கறிக்கு உயிரில்லை, மைக்ரோகிளியாவுக்கு உண்டு. மூளையின் காவல் செல்லான அது, சுற்றியுள்ள இழைகள் அறுபடுவதைக் காயமாகவே எடுத்துக்கொள்கிறது. ஃபாஸ், ஜுன் முதலிய உடனடி மரபணுக்களும் அழற்சிச் சைகைகளும் நொதியில் ஊறும் அந்த நேரத்துக்குள் எழுந்துவிடுகின்றன. 2022இல் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் மார்ஷும் குழுவினரும் இந்தப் போலித் தடயத்தை எலி மூளையில் விளக்கமாகக் காட்டினர். படியெடுத்தலையும் புரத உற்பத்தியையும் தடுக்கும் மருந்துகளை முன்கூட்டியே சேர்த்தால் அது அடங்குவதையும் காட்டினர். பிரித்தபின் வளர்ப்புத் தட்டில் வைப்பதும் செல்லை மாற்றுகிறது. மனித மைக்ரோகிளியா, மூளைச் சூழலை விட்டு வந்த ஆறே மணி நேரத்தில் தன் அடையாள மரபணுக்கள் பலவற்றை இழக்கத் தொடங்குவதை 2017இல் கோஸ்லினின் குழு பதிவுசெய்தது.

சடலக் கூறாய்வுத் திசுவுக்கு அந்த மருந்துகள் பெரிதாக உதவா. காயம், சிகிச்சை, மரணம், பிணவறைக் காத்திருப்பு என எல்லாம் முன்பே நடந்து முடிந்திருக்கும். அடிபட்டு ஓரிரு நாள் உயிரோடிருந்தவரின் மைக்ரோகிளியா ஏற்கெனவே கிளர்ந்திருக்கும். அதைச் 'சாதாரணம்' எனக் கொண்டால், நோயாளியின் உண்மையான அழற்சி வேறுபாடில்லாததாகத் தோன்றக்கூடும். நோயாளியின் திசு வலிப்பு அறுவையில் சுடச்சுட எடுத்ததாகவும், ஒப்பீட்டுத் திசு கூறாய்வில் வந்ததாகவும் இருந்தால், நாம் அளப்பது நோயையா, கையாளுதலையா? செல்லுக்குப் பதில் உறைந்த திசுவின் உட்கருக்களை மட்டும் பிரிப்பது ஒரு மாற்று. ஆனால் மனித மைக்ரோகிளியாவின் கிளர்ச்சி மரபணுக்கள் பல உட்கருவில் குறைவாகவே பிடிபடுகின்றன என்று 2020இல் த்ரப்பின் குழு கண்டது. ஆக, ஒரு முறை இல்லாததைச் சேர்க்கிறது. மற்றது இருப்பதை விடுகிறது.

செல்லைப் பிரிக்காமலே பார்க்கும் வழியும் நம்மிடம் உண்டு. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட 'தரணி' என்னும் மனிதக் கருச்சிசு மூளை வரைபடம், 5,132 வெட்டுத் துண்டுகளில் செல்களை அவற்றின் இடத்திலேயே காட்டுகிறது. ஒரு செல்லின் ஆயிரக்கணக்கான மரபணுக்களை அது எண்ணித் தராது. ஆனால் நொதியின் தலையீடு அதில் இல்லை. எனவே பிரித்த செல்லில் கண்ட எந்த 'நோய்க் கையெழுத்தும்', அதே மூளையின் வெட்டுத் துண்டில் தெரியும்வரை கருதுகோளாகவே நிற்க வேண்டும். நொதி, வெப்பம், நிமிடங்கள், காயத்துக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட நேரம் ஆகியவை கட்டுரையின் செய்முறைப் பகுதியோடு ஒதுங்காமல், முடிவு அட்டவணையில் ஒவ்வொரு மாதிரிக்கும் எதிரே இடம்பெற வேண்டும்.