ஃபாரோவா, லிட்டில் கிரீனா?

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வால்தம்ஸ்டோ பக்கம் வரிசை வீடு வாங்கிய தமிழர்கள் பலருக்கு, அந்த வீடு தங்கள் பாட்டனுக்கும் மூத்தது. விக்டோரியா ராணி காலத்திலோ, அவருக்குப் பின் வந்த எட்வர்டு காலத்திலோ கட்டியது. சாவி கைக்கு வந்த சில நாளில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு வண்ண அட்டைகள் விரிந்து கிடக்கும். ஒன்று ஃபாரோ அண்ட் பால், இன்னொன்று லிட்டில் கிரீன். இரண்டிலும் 2.5 லிட்டர் எமல்ஷன் டப்பா 50 பவுண்டைத் தாண்டும். அந்தக் காசுக்குள் காண்ட்ராக்டர்கள் வாங்கும் சாதா வெள்ளை எமல்ஷன் 10 லிட்டர் வாளியே வந்துவிடும். அப்புறமும் இவற்றைத்தான் வாங்குவோம் என்றால், எதற்காக வாங்குகிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் குலம் கோத்திரம். ஃபாரோ அண்ட் பால் 1946-இல் டோர்செட்டில் தொடங்கியது. ஜான் ஃபாரோ வேதியியல் படித்தவர், ரிச்சர்ட் பால் பொறியாளர். ஆனால் பத்திரிகைகள் கொண்டாடும் ஃபாரோவுக்கு விதை விழுந்தது 1992-இல், டாம் ஹெல்மும் மார்ட்டின் எஃப்சனும் நிறுவனத்தை வாங்கியபோது. பழைய மாளிகைகளைக் காத்துப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு ஹெல்ம் அலங்கார ஆலோசகராக இருந்தவர். டிரஸ்டின் பெயரிலேயே ஒரு நிறத் தொகுப்பு வந்தது, பேர் பரவியது. பிறகு முதலீட்டு நிறுவனங்களின் கைமாறி, 2021 முதல் டென்மார்க்கின் ஹெம்பெல் வசம் இருக்கிறது. ஹெம்பெல் கப்பல் பெயின்டுக்குப் பேர்போன நிறுவனம்.

லிட்டில் கிரீன் தன் மரபை 1773-இல் மான்செஸ்டரின் கொலிஹர்ஸ்ட் வுட்டில் இருந்த சாயப்பட்டறையிலிருந்து கணக்கிடுகிறது. இன்றைய நிறுவனத்தை 1990களில் கட்டியெழுப்பியவர் டேவிட் மாட்டர்ஸ்ஹெட். இன்னும் குடும்ப நிறுவனம்தான். பெயின்ட் தயாராவது வட வேல்ஸின் பெதஸ்டாவில். விளம்பரத்தில் வரும் 1773-ஐயும் 1946-ஐயும் வைத்து யார் மூத்தவர் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. இப்போதைய வடிவில் இரண்டுமே 1990களின் பிள்ளைகள். வேடிக்கை என்னவென்றால், ஹெல்ம் சேவகம் செய்த அதே நேஷனல் டிரஸ்ட் அண்மை ஆண்டுகளில் லிட்டில் கிரீனோடு கைகோத்து, தன் மாளிகைகளில் கண்டெடுத்த பச்சைகளையும் சுவர்க் காகிதங்களையும் வெளியிட்டு வருகிறது.

இவற்றில் எது அசல் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரண்டும் இல்லை. ஜார்ஜ் மன்னர்கள் காலத்துப் பெயின்டர் ஈய வெள்ளையை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துக் குழைத்துப் பூசினார். கல் நிறம், ஈய நிறம், பாலாடை நிறம் எல்லாம் சல்லிசு. நல்ல நீலமும் பச்சையும் பணக்காரன் வீட்டுக்குத்தான். இன்றைய பளீர் வெள்ளைக்கு ஆதாரமான டைட்டானியம் வெள்ளை சந்தைக்கு வந்ததே முதல் உலகப் போரை ஒட்டித்தான். இன்று இந்த இரு டப்பாக்களிலும் பெரும்பாலும் இருப்பது தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் எமல்ஷன். நிஜமாகவே பழைய நிறம் வேண்டுமென்றால் பேட்ரிக் பேட்டி போன்ற பெயின்ட் வரலாற்றாய்வாளர்கள் செய்வதைச் செய்ய வேண்டும். கதவு நிலையிலிருந்து கடுகளவு பெயர்த்தெடுத்து, குறுக்கே வெட்டி, நுண்ணோக்கியில் வைத்து அடுக்கடுக்காகப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் நம் வரிசை வீட்டில் கிடைப்பது பலருக்குப் பிடிக்காது. விக்டோரியா காலத்து முன்னறைச் சுவர்களில் பெரும்பாலும் காகிதம் ஒட்டியிருந்தது. மலிவு மரத்தை ஓக் மரமாகக் காட்ட, பழுப்பில் ரேகை இழுத்து வார்னிஷ் அடித்தார்கள். நடைவழியில் இடுப்புயரம் வரை லின்கிரஸ்டா. ஆளிவிதை எண்ணெயில் செய்த அந்தப் புடைப்புத் தகட்டை ஃப்ரெடரிக் வால்டன் 1877-இல் கொண்டுவந்தார்.

அப்படியானால் ‘பழைய வீட்டு நிறம்’ என்று நம் மனதில் படிந்திருக்கும் அந்த அடங்கிய, சாம்பல் படர்ந்த பச்சையும் ரோஜாவும் எங்கிருந்து வந்தன? பெரும்பங்கு ஜான் ஃபவுலரிடமிருந்து. 1977-இல் மறைந்த இந்த அலங்காரக் கலைஞர்தான் டிரஸ்டின் பல மாளிகைகளுக்கு நிறம் குறித்தவர். ஃபாரோ இந்தக் கடனை மறைக்கவுமில்லை. ‘கார்ன்ஃபோர்த் ஒயிட்’ என்ற நிறம், ஃபவுலரோடு சேர்ந்து 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அலங்காரம் பற்றிப் புத்தகம் எழுதிய ஜான் கார்ன்ஃபோர்த்தின் பெயரில் இருக்கிறது. ஆக, ஃபாரோ விற்பது இருபதாம் நூற்றாண்டுக்காரர் ஒருவர் பழைய வீடுகளைப் பார்த்த பார்வை. நல்ல பார்வைதான், குறை சொல்லவில்லை. லிட்டில் கிரீன் இதில் கொஞ்சம் கணக்கு வைத்துக்கொள்ளும். இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்போடு சேர்ந்து போட்ட அட்டையில் ஜார்ஜியர், விக்டோரியர், 1930கள், 1950கள் என்று காலவாரியாகவே நிறங்களைப் பிரித்திருந்தார்கள். 1930-இல் கட்டிய வீட்டுக்காரருக்கும் அதில் இடம் இருந்தது. ஃபாரோ அட்டையில் அவருக்கும் மாளிகை நிறம்தான்.

அட்டையைத் திறப்பதற்கு முன் சுவரைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். இந்த வீடுகளின் வெளிச்சுவர் பல இடங்களில் ஒன்பது அங்குலக் கெட்டிச் செங்கல். நடுவில் காற்றிடைவெளி கிடையாது. உள்ளே சுண்ணாம்புக் காரைப் பூச்சு. மழை ஈரமும் சமையல் ஆவியும் அந்தக் காரை வழியாக ஏறி இறங்கிக் காய்வதுதான் அதன் இயல்பு. அதன் மேல் இறுக்கமான எமல்ஷனை நாலு கோட் போட்டால் ஓதம் உள்ளேயே தங்கும். சில மழைக்காலம் போனதும் உப்புப் பூத்து, தோல் தோலாக உரியும். கட்டிடப் பாதுகாப்புக்கென்று வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய சங்கம் இன்றும் பழைய சுவர்களுக்கு மூச்சுவிடும் பூச்சையே வலியுறுத்துகிறது. ஓதச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதே சரி. இந்த இரண்டு அட்டைகளையும் மூடி வைத்துவிடலாம்.

இன்னொரு சோதனையும் உண்டு. மேல்மாடிக் கூரையையோ அலமாரிக்குள் மறைந்த சுவரையோ ஈரவிரலால் தேயுங்கள். விரலில் வெள்ளை ஒட்டினால் அடியில் இருப்பது டிஸ்டெம்பர், சுண்ணக்கட்டித் தூளும் பிசினும் கலந்த பழைய பூச்சு. நம் ஊரில் வெள்ளையடித்த திண்ணைச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமே, அதே கதைதான். அதன் மேல் 60 பவுண்டு பெயின்டானாலும் 6 பவுண்டு பெயின்டானாலும் பிடிப்பே இருக்காது. கழுவித் துடைத்துவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். பழைய கதவு, சன்னல் மரத்தில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தூசு கிளப்பக் கூடாது, குழந்தைகள் உள்ள வீட்டில் கண்டிப்பாகக் கூடாது. கடையில் விற்கும் சோதனைக் குச்சியால் பார்த்துவிட்டு, நனைத்துத் தேய்க்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தவர்களுக்கு அட்டை. ஃபாரோவின் பலம் அது தன்னைச் சுருக்கிக்கொள்வதில் இருக்கிறது. பல ஆண்டுகளாக அட்டையில் 132 நிறம்தான். புதிது வந்தால் பழையது ஆவணத்துக்குப் போகும். கேட்டால் கலந்து தருவார்கள். ஆயிரக்கணக்கான நிறங்களைக் காட்டிக் குழப்பும் கடைகளுக்கு நடுவே இது பெரிய நிம்மதி. ‘டெட் சாமன்’, ‘மவுஸஸ் பேக்’ போன்ற பெயர்களைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ஆனால் கேலி செய்கிறவர்களுக்கும் அந்தப் பெயர்கள் மறப்பதில்லை, வியாபாரத்தில் அதுதானே வேண்டும்.

இந்த நிறங்கள் வெளிச்சத்துக்கு வெளிச்சம் வேஷம் மாறும். ‘எலிஃபன்ட்ஸ் பிரெத்’ காலையில் சாந்தமான சாம்பல். மேற்குப் பார்த்த அறையில் மாலை வெயில் மங்கும்போது அதே சுவரில் லேசான ஊதா எட்டிப் பார்க்கும். நிறுவனமே இதைச் சொல்லித்தான் விற்கிறது. இங்கிலாந்தில் வெயில் வருடம் முழுக்கப் பெரும்பாலும் தெற்கு வானத்திலேயே நடக்கும் என்பதால், வடக்குப் பார்த்த அறைக்கு நேர் வெயிலே அநேகமாகக் கிடையாது. அங்கே குளிர்ந்த சாம்பல் எதை அடித்தாலும் ஆஸ்பத்திரி வாடை வரும். சிவப்போ மஞ்சளோ அடியோட்டமாக உள்ள நிறம்தான் தாங்கும்.

லிட்டில் கிரீன் வேறு உபாயம் வைத்திருக்கிறது. ஒரே நிறத்தை நாலு பலத்தில் இறக்குகிறார்கள். ‘ஸ்லேக்ட் லைம்’ வெள்ளையில் மிட், டீப், டார்க் என்று படிப்படியாக ஏறும். ‘ஃபிரெஞ்ச் கிரே’யிலும் இப்படியே. பழைய வீட்டு அறையில் இது எவ்வளவு கை கொடுக்கும் என்பதை அறைக்குள் நின்றால்தான் புரியும். மேலே பூவேலைக் கார்னிஸ், அதன் கீழே படம் மாட்டும் சட்டம், சுவர், அடியில் ஓர் அடி உயரத்துக்கு மரப் பட்டி. கார்னிஸுக்கு வெளிறியது, சுவருக்கு நடுத்தரம், அடிப்பட்டிக்கு ஆழமானது என்று ஒரே குடும்பத்தில் எடுத்தால் அறை தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். கண் பழகாதவருக்குக்கூடத் தப்பு நேர வழியில்லை. ஃபாரோவிலும் நியூட்ரல் நிறங்களில் மட்டும் இப்படிக் குடும்பம் உண்டு. ‘அம்மோனைட்’, ‘கார்ன்ஃபோர்த் ஒயிட்’, ‘பர்பெக் ஸ்டோன்’ வரிசையாக நிற்கும். ஆனால் பச்சைக்கோ நீலத்துக்கோ வந்தால் உங்கள் பாடு. கண்ணில் நம்பிக்கை உள்ளவர் ஃபாரோவிடம் போகலாம். நம்பிக்கை குறைந்தவருக்கு லிட்டில் கிரீன்தான் என்பேன்.

எதுவானாலும் மாதிரிப் பெயின்டைச் சுவரில் நேராகத் தீட்டாதீர்கள். பழைய நிறம் பக்கத்தில் இருந்துகொண்டு கண்ணை ஏமாற்றும். கனத்த தாளில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விடாமல் முழுக்க நிரப்பி, அதைச் சன்னலுக்கு எதிர்ச் சுவரில், சன்னல் சுவரில், மூலையில் என்று மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். இரவு விளக்கிலும் பாருங்கள். குடும்பமாக உட்கார்ந்திருக்கும் நேரம் அதுதான்.

அடுத்தது மினுக்கு. இங்கேதான் காசு வீணாவதும் மிஞ்சுவதும். ஃபாரோவின் புகழுக்குக் காரணமான எஸ்டேட் எமல்ஷனின் மினுக்கு 2 விழுக்காடு. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காமல் விழுங்கிக்கொள்ளும்; மேடு பள்ளமான பழைய காரையின் குறையெல்லாம் அதில் மறையும். ஆனால் அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும். ஆழ்ந்த நிறமானால் விரல் நகம் பட்டாலே கோடு விழும். நடைவழியில் குழந்தை வண்டியும் மழைக்கோட்டும் உரசும் சுவருக்கு இது ஆகாது. அதற்கு மாடர்ன் எமல்ஷன், மினுக்கு 7 விழுக்காடு. 2023-இல் டெட் ஃபிளாட் என்பதைப் புதுக் கலவையில் கொண்டுவந்து, 2 விழுக்காடு மினுக்கிலேயே துடைக்கலாம், சுவர், மரம், உலோகம் எல்லாவற்றுக்கும் ஆகும் என்றார்கள். பழைய குறையைத் தாங்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான். லிட்டில் கிரீனில் அப்சொலூட் மேட் 3 விழுக்காடு, அழகுக்கு; இன்டெலிஜென்ட் மேட் 5 விழுக்காடு, கழுவலாம். கண்ணுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான், உழைப்பில் நிறைய. பிள்ளைகள் ஓடும் வீட்டுக்கு இந்த 5 விழுக்காட்டை மிஞ்சியது இந்த இரு அட்டையிலும் இல்லை என்பது என் கட்சி.

மரவேலையில் போட்டி இன்னும் தெளிவு. ஃபாரோ எண்ணெய்ப் பெயின்டை அறவே கைவிட்டு நீருக்கு மாறிவிட்டது. வாடை இல்லை, சீக்கிரம் காயும், வெள்ளை மஞ்சளாகாது. லிட்டில் கிரீன் நீர்ப் பெயின்டோடு பளபளக்கும் எண்ணெய் கிளாஸையும் மினுக்குக் குறைந்த எண்ணெய் எக்‌ஷெல்லையும் இன்னும் வைத்திருக்கிறது. மேலும் கீழும் வழுக்கி ஏறும் பழைய சாஷ் சன்னலில் எண்ணெய்ப் பெயின்ட் மெதுவாகக் காய்ந்து, பிரஷ் கோடு தானே சமனாகி, கல்லாய் இறுகும். அவசரப்பட்ட நீர்ப் பெயின்டானால் சட்டம் நிலையோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பெயின்டர்கள் லிட்டில் கிரீன் பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம்.

விலையைப் பார்த்துப் பின்வாங்கி, ஃபாரோ நிறத்தை வேறு கடையில் கலந்து வாங்குபவர்களும் உண்டு. பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும் கலவை விளக்கொளியில் விலகிப் போகலாம், ஏனென்றால் நிறமிகள் வேறு, மினுக்கு வேறு. தனியறை ஒன்றுக்கு அது போதும். பக்கத்தில் அசல் இருக்கும் இடத்தில் போதாது.

என் கையில் வரிசை வீடு ஒன்று இருந்தால், முன்னறைச் சுவருக்கு மட்டும் ஃபாரோவின் எஸ்டேட் எமல்ஷன். மாலையில் விளக்கேற்றி உட்காரும் அறைக்கு அந்த மங்கல் அழகை லிட்டில் கிரீனால் எட்ட முடியவில்லை. நடைவழி, மாடிப்படி, பிள்ளைகள் அறை எல்லாம் லிட்டில் கிரீனின் இன்டெலிஜென்ட் மேட். சன்னல் சட்டங்களுக்கு அவர்களின் எண்ணெய் எக்‌ஷெல். கூரைக்கு அட்டையின் வெளிறிய வெள்ளை போதும். பழைய அறையில் பளீர் வெள்ளை நீலம் அடிக்கும். பிரைமரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆழ்ந்த நிறத்துக்கு ஆழ்ந்த பிரைமர் போட்டால் மூன்றாவது கோட் மிச்சம், அந்த மிச்சத்திலேயே பிரைமர் காசு வந்துவிடும். டப்பாக்கள் ஒரே தொகுதி எண்ணா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டராவது மிஞ்சட்டும். மேட் சுவரில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுப் பூசினால் திட்டாகத் தெரியும், மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதும் ஒரு கோட் ஓட்ட வேண்டிவரும்.