ஒளிப்படக் கோப்புச் சுருக்கத்தின் வரலாறு

ஒளிப்படக் கோப்புச் சுருக்கம் என்பது, ஒளிப்படத்தின் தோற்றம் கண்ணுக்குப் பெரிதாக மாறாதவாறு அதன் கோப்பு அளவைக் குறைக்கும் முறையாகும். இணையதளங்களில் படங்களைப் பதிவேற்றுவோர் இதனை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். வங்கித் தேர்வு போன்ற பல இணைய விண்ணப்பங்கள் ஒளிப்படத்தை 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் கேட்கின்றன. கைப்பேசியில் எடுத்த சில மெகாபைட்டு அளவுள்ள படம் அந்த வரம்புக்குள் அடங்குவதற்கு 1970களில் தொடங்கிய ஆய்வே அடிப்படையாகும்.

தேவை

வண்ணப் படத்தின் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மதிப்புகள் உண்டு. அவற்றைச் சேமிக்கப் பொதுவாக 3 பைட்டுகள் வேண்டும். எனவே 640×480 படப்புள்ளிகள் கொண்ட சிறிய படமும் சுருக்கப்படாத நிலையில் 9,21,600 பைட்டுகள் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் இருந்த, விநாடிக்கு 14,400 பிட்டு வேகமுள்ள மோடம் வழியாக அதனை அனுப்ப எட்டரை நிமிடங்களுக்கு மேல் ஆகும்.

1987இல் கம்ப்யூசெர்வ் நிறுவனம் ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது. அது ஒரு படத்தில் 256 நிறங்களை மட்டுமே கொள்ளும். கோட்டோவியங்களுக்கு இது போதுமானது. முகத்தின் தோல் நிறமும் வானத்தின் நீலமும் நுட்பமாக மாறிச் செல்லும் ஒளிப்படங்களுக்குப் போதவில்லை.

கொசைன் உருமாற்றம்

இதற்கான கணித அடிப்படை முன்பே உருவாகியிருந்தது. பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1972இல் தனிநிலைக் கொசைன் உருமாற்றம் என்னும் முறையை முன்வைத்து, அதனை ஆராயத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கருத்து மிக எளிமையானது என்று கூறி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அந்த நிதி கிடைக்காதபோதும் அவர் ஆய்வைத் தொடர்ந்தார். தம் மாணவர் டி. நடராஜன், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தைச் சேர்ந்த கே. ஆர். ராவ் ஆகியோருடன் இணைந்து 1974 சனவரியில் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். ராவ், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர்.

ஜேபெக் தரநிலை

1986இல் கூட்டு ஒளிப்பட வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. ஜேபெக் என்னும் பெயர் இக்குழுவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே. இக்குழு உருவாக்கிய தரநிலை 1992இல் ஏற்கப்பட்டது.

ஜேபெக் முறை மனிதக் கண்ணின் இயல்பைப் பயன்படுத்துகிறது. கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நன்கு உணரும்; நிறத்தின் நுண்ணிய மாற்றத்தை அவ்வளவாக உணராது. எனவே நிறத் தகவல் முதலில் குறைக்கப்படுகிறது. பின்னர் படம் 8×8 படப்புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டமும் கொசைன் உருமாற்றத்தால் 64 எண்களாக மாற்றப்படுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களுக்குரிய எண்கள் தோராயமாக்கப்படுகின்றன. அவற்றுள் பல சுழியமாகிவிடும். எஞ்சியவை, டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்ட குறியீட்டு முறையில் சுருக்கி எழுதப்படுகின்றன. இவ்வாறு கோப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் வேறுபாடு எளிதில் தெரிவதில்லை.

தரநிலை பரவியதில் கட்டற்ற மென்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. டாம் லேன் முன்னின்று நடத்திய தனித்த ஜேபெக் குழு, 1991 அக்டோபரிலேயே இலவச நிரல் தொகுப்பை வெளியிட்டது.

தொகுதியாகச் சுருக்குதல்

ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே திறந்து சுருக்குவது நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஏற்றதன்று. டுபான்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி, 256 நிறங்களே காட்டும் திரையில் முழு வண்ணப் படங்களைக் காட்டும் வழியைத் தேடினார். பால் ரேவ்லிங் என்பவர் தம் நிரலைத் தயங்காமல் பகிர்ந்துகொண்டார். அதற்குக் கைம்மாறாக, கிறிஸ்டி தாம் உருவாக்கிய இமேஜ்மேஜிக் மென்பொருளை 1990 ஆகத்து 1 அன்று அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டார். ஒரு கோப்புறையிலுள்ள எல்லாப் படங்களையும் ஒரே கட்டளையில் சுருக்க அது உதவுகிறது. 1996இல் வெளிவந்த இர்ஃபான்வியூ, இதே வேலையைச் சாளரங்களின் வழியே விண்டோஸ் பயனர்களுக்கு எளிதாக்கியது.

தொகுதிச் சுருக்கத்தில் இரண்டு அளவைகள் முக்கியமானவை. முதலாவது படத்தின் நீள அகலம். 4000×3000 படத்தை 1600×1200 ஆக்கினால் படப்புள்ளிகள் ஆறில் ஒரு பங்கிற்கும் கீழாகக் குறையும். இரண்டாவது ஜேபெக் தர எண். நீள அகலத்தை மாற்றாமல் தர எண்ணை மட்டும் மிகவும் தாழ்த்தினால் 8×8 கட்டங்கள் வெளிப்படையாகத் தெரியத் தொடங்கும்.

காப்புரிமைச் சிக்கல்

2002இல் ஃபோர்ஜென்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனம், தன்னிடமிருந்த காப்புரிமை ஒன்று ஜேபெக் முறைக்குப் பொருந்தும் எனக் கூறிப் பல நிறுவனங்களிடம் உரிமத்தொகை பெற்றது. 2006இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அக்காப்புரிமையின் முதன்மைக் கோரிக்கைகளை நிராகரித்தது.

மீளாத இழப்பு

ஜேபெக் சுருக்கத்தில் நீக்கப்பட்ட விவரம் திரும்பக் கிடைக்காது. சுருக்கிய படத்தைத் திருத்தி மீண்டும் சேமிக்கும்போது மேலும் இழப்பு நேரலாம். இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளை, வேறு இடம் குறிப்பிடப்படாவிட்டால் மூலக் கோப்பின் மீதே எழுதிவிடும். ஒரு கட்டளையில் நூறு படங்களைச் சுருக்க முடிவது போலவே, ஒரு கட்டளையில் நூறு மூலப் படங்களையும் இழக்க முடியும். ஆகவே மூலப் படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்துவிட்டு, படிகளை மட்டும் சுருக்குவதே பாதுகாப்பான நடைமுறையாகும்.

2010இல் கூகுள் வெளியிட்ட வெப்பி, 2019இல் வந்த ஏவிஃப் ஆகியவை இன்னும் சிறிய கோப்புகளைத் தருகின்றன. ஆயினும் ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் திறக்கக்கூடிய வடிவமாக ஜேபெக் இன்றும் நீடிக்கிறது.