தாம்பரம் வட்டாரத்தில் வெளுப்பும் சிக்கனமும்

1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த தென்புறச் சிற்றூர்கள் மெல்ல மெல்லச் சம்பளக்காரர்கள் குடியேறும் புறநகர்களாயின. கோட்டைக்கும் பாரிமுனைக்கும் நாள்தோறும் ரயிலேறிய குமாஸ்தாக்களுக்கு வெளுத்த வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையும் உத்தியோகத்தின் அங்கமாகவே இருந்தன. வாடகையும் அரிசியும் போக எஞ்சிய பணத்தில் அந்த வெண்மையைக் காக்க வேண்டியிருந்ததால், இவ்வட்டாரத்தின் துணிப் பராமரிப்பு வரலாறு, வண்ணாரின் கையிலிருந்து வீட்டுப் பெண்களின் கைக்கு வேலை இடம்பெயர்ந்த வரலாறாக அமைகிறது.

தொடக்கத்தில் கனத்த வெளுப்பெல்லாம் வண்ணாரிடமே இருந்தது. சோடா உப்பு செறிந்த உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணிகளைத் தோய்த்து, பானையின்மேல் அடுக்கி ஆவியில் வேகவைக்கும் முறை வெள்ளாவி எனப்பட்டது. காரமும் சூடும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கை இளக்கிவிடுவதால், பிறகு கல்லில் அடித்து அலசினாலே அழுக்கு நீங்கியது. பல வீட்டுத் துணிகள் ஒன்றாக வேகும்போது மாறிப்போகாமலிருக்கச் சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் இடப்பட்ட வண்ணான் குறி, சுண்ணாம்பு பட்டதும் கறுத்து, எத்தனை வெளுப்புக்கும் அழியாமல் நின்றது. உருப்படிக் கணக்கில் கூலி கொடுக்க வேண்டியிருந்ததால், கையிறுக்கமான குடும்பங்கள் வேட்டியையும் படுக்கை விரிப்பையும் மட்டும் வெளுக்கப் போட்டுவிட்டு, மற்றவற்றைக் கிணற்றடியிலேயே துவைத்துக்கொண்டன.

அங்கே பயன்பட்டவை பெரும்பாலும் அடுக்களையில் கிடைத்தவையே. சோறு வடித்த கஞ்சியை விளாவி வடிகட்டித் துணியை முக்கினால், அது நூலின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து விறைப்புத் தருவதுடன், வியர்வையையும் புழுதியையும் தன்னிலேயே தாங்கி, அடுத்த துவைப்பில் அழுக்கோடு கழன்றுவிடும். கடைசி அலசலில் கலக்கும் நீலம் பழுப்பை மறைத்தது. பட்டுக்குப் பூந்திக்கொட்டை நுரையும் நிழல் உலர்த்தலும் போதுமானவையாக இருந்தன. இஸ்திரிக்கு வழியில்லாதவர்கள் சட்டையை நீவி மடித்துப் பாய்க்கடியில் வைத்தனர். போர்க்காலத்தில் துணி அருமையாகி, 1943-இல் அரசு பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்த நாள்களில், காலரைப் பிரித்துத் திருப்பித் தைப்பதும், பழஞ்சேலையைத் தூளியாகவும் பாவாடையாகவும் ஆக்கி, அதுவும் நைந்தபின் கரித்துணியாக்குவதும் குடும்ப நிர்வாகத்தில் இன்றியமையாதவையாயின.

இவ்வளவு முயன்றும் தண்ணீர் கைகொடுக்காத இடங்கள் இருந்தன. பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்திருந்தது. சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் மிகுந்த கடினநீரில் பார் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு, துணியில் படிந்து சாம்பல் நிறமூட்டும். எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்யும் சோப்பிலிருந்து வேறுபட்ட செயற்கைச் சலவைத்தூளுக்கு இக்குறை மிகக் குறைவு. இந்தியச் சந்தைக்கு 1959-இல் வந்த சர்ஃப் வசதியுள்ள வீடுகளுக்கே எட்டியது. 1969-இல் அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட நிர்மா அதைவிடப் பன்மடங்கு மலிவாக விற்கப்பட்டு, நாளடைவில் எளிய வீடுகளையும் அடைந்தது. 1983-இல் கேரளத்தில் தோன்றிய உஜாலா, நீலத்தைச் சொட்டுக் கணக்கில் கலக்கும் பழக்கத்தைப் பரப்பியது.

தூள் வந்ததும் வெளுக்கப் போடும் உருப்படிகள் குறைந்தன. சலவைத் தொழிலாளர் பலர் தெருமுனைத் தள்ளுவண்டியில் கொட்டாங்குச்சிக் கரி நிரப்பிய பெட்டியுடன் இஸ்திரித் தொழிலுக்கு மாறினர். ஊறவைத்தல், கசக்குதல், அலசுதல், கஞ்சி போடுதல் ஆகிய அனைத்தும் வீட்டுப் பெண்களின் அன்றாடக் கடமையாயின. வண்ணாருக்குக் கொடுத்த கூலி வீட்டுக் கணக்கு நோட்டில் ஏறியது. அது மிச்சமானபோது அதற்கு ஈடாகச் செலவான உழைப்பு எந்த நோட்டிலும் ஏறவில்லை. புறநகர்க் குடும்பங்களின் சிக்கனத்தை மதிப்பிடுவோர் அவ்வுழைப்பையும் செலவுப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.